முப்பிடாதிக்குத் தரை எழும்பியது

ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் போகிற சாலையில் ஆவரம்பட்டி விலக்கு என்று ஒரு நிறுத்தம் இருப்பதை நிறைய பஸ்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் இருக்கிறது, இரண்டு டீக்கடையும் ஒரு உரக்கடையும் எந்தக் கட்சி ஜெயித்தாலும் துணி மட்டும் வெளுத்துக்கொண்டே போகிற நாலைந்து கொடிக்கம்பங்களும் இருக்கின்றன, அவற்றுக்கு எதிரே வேப்பமரத்தில் பழைய டயர் ஒன்று தொங்குகிறது, அந்த டயருக்குக் கீழே இருப்பதுதான் முப்பிடாதியின் பஞ்சர் கடை. அப்பாவிடம் தொழில் கற்று, அப்பா போனபின் கடையையும் காற்றடிக்கிற மெஷினையும் எடுத்துக்கொண்டு, கல்யாணம் முடிந்த கையோடு புருஷன் பேச்சிமுத்துவையும் அங்கேயே வேலைக்குச் சேர்த்துக்கொண்ட பெண் அவள். பேச்சிமுத்து அதிகம் பேசாத மனிதர். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசினாள், அதில் பாதி வசவாக இருந்தது, வசவு வாங்காமல் பஞ்சர் ஒட்டிக்கொண்டு போனவர்கள் தங்கள் மேல் அவளுக்கு ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் லாரி டயரைப் புரட்டும்போது அவள் இடுப்பில் டிக்கென்று ஏதோ சத்தம் கேட்டது, அதோடு வலி வந்து உட்கார்ந்தது. வந்தது இரண்டு நாளில் போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அது ரேஷன் கார்டில் பெயர் சேர்க்காத குறையாக வருஷக்கணக்கில் அவளோடு தங்கி, இடுப்பிலிருந்து தொடைக்கும் தொடையிலிருந்து கால் பெருவிரலுக்கும் போய்வந்துகொண்டு, உட்கார்ந்தால் எழவிடாமல், எழுந்தால் நிற்கவிடாமல், தும்மல் வந்தால்கூட சுவரைப் பிடித்துக்கொள்ள வைத்தது. வைத்தியம் சொல்லாத ஆள் விலக்கில் இல்லை. உரக்கடைக்காரர் உப்பு ஒத்தடம் என்றார். குற்றாலத்து வைத்தியர் ஒருவர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு எல்லாம் வாயு என்றார், அதற்கு அவள் திருப்பிச் சொன்னதை இங்கே எழுத முடியாது. பிறக்கும்போது தலைக்கு முன்னால் கால் வெளியே வந்தவன் உதைத்தால் இடுப்புப் பிடிப்பு விடும் என்று யாரோ சொல்ல, அப்படிப் பிறந்த ஒருவர் கூட்டுறவு வங்கியில் குமாஸ்தாவாக இருப்பதைக் கண்டுபிடித்து அழைத்துவந்தோம், அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, “மன்னிச்சுக்கிடுங்க” என்று சொல்லி, மிகுந்த மரியாதையோடு ஒரு உதை விட்டார், அவள் கையில் இருந்த ஸ்பேனர் பறந்துபோய் அவர் முழங்காலில் பட்டது, அவரும் கொஞ்சநாள் நொண்டினார்.

கடைசியில் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தை டீக்கடை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து நாங்கள் எல்லோரும் பார்த்தோம், ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் எல்லோரும் தலையை ஆட்டினோம். முதுகெலும்பில் இரண்டு கண்ணிக்கு நடுவே இருக்கிற மெத்தை பிதுங்கி நரம்பை நசுக்குகிறது, அதை எடுத்துவிட்டு ஸ்க்ரூ போட்டு இறுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, முப்பிடாதி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“துருப் பிடிக்குமா?”

“பிடிக்காதும்மா.”

“அப்ப போடுங்க.”

அவள் ஆபரேஷனுக்குச் சம்மதித்தது கடைக்காக அல்ல, கும்மிக்காக. ஆடி மாதம் காளியம்மன் கோவிலில் முளைப்பாரியை நடுவில் வைத்துப் பெண்கள் சுற்றிவந்து குனிந்து நிமிர்ந்து கும்மி கொட்டுவார்கள், அதில் முன்னால் நின்று பாட்டு எடுத்துக்கொடுப்பது முப்பிடாதி, அம்மனைப் பற்றி ஒரு வரி பாடினால் மாமியார்களைப் பற்றியும் புருஷன்மார்களைப் பற்றியும் மூன்று வரி பாடுவாள், பூசாரி காதைப் பொத்திக்கொள்வதுபோல் கையை வைத்துக்கொண்டு விரலிடுக்கு வழியே கேட்பார். வலி வந்தபின் அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். வருஷாவருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்கள் சுற்றுவதைப் பார்த்தாள். செத்தாலும் பரவாயில்லை, இனி அந்த நாற்காலியில் உட்காரமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் மதுரைக்கு பஸ் ஏறினாள்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் பேச்சிமுத்துவைக் கூப்பிட்டு மூன்று மாதம் குனியக் கூடாது என்றார். அந்த நேரம் பார்த்து ஒரு சாப்பாட்டு வண்டி கடகடவென்று வராந்தாவில் போனது, ‘மூன்று மாதம்’ என்பதை அது அள்ளிக்கொண்டு போய்விட, பேச்சிமுத்துவின் காதில் விழுந்தது ‘குனியக் கூடாது’ மட்டும்தான். ஊர் வந்து சேர்வதற்குள் அதை அவர் அவளிடம் பலமுறை சொல்லிவிட்டார், இறங்கியதும் டீக்கடையில் சொன்னார், உரக்கடையில் சொன்னார், அடுத்த வீட்டு ஆட்டுக்குட்டி வழியில் நின்றபோது அதனிடமும் சொன்னார். அவர் சொன்னது எங்களுக்கெல்லாம் கேட்டது. தரைக்கும் கேட்டிருக்க வேண்டும்.

இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு முப்பிடாதி கடைக்கு வந்த முதல்நாளே அது நடந்தது. ஒரு பைக்குக்குக் காற்றடித்துவிட்டு வால்வு மூடியைத் திருகப் போனாள், மூடி கைதவறி விழுந்தது, அவள் அதைப் பார்த்தபடி பலகை மாதிரி நின்று, கையை மட்டும் லேசாக நீட்டினாள். அவள் காலுக்கு முன்னால் ஒரு கட்டில் அகலத்துக்குத் தரை சத்தமில்லாமல் எழுந்து அவள் கை உயரத்துக்கு வந்து நின்றது, அதன்மேல் வால்வு மூடியும் இரண்டு எறும்பும் ஒரு பீடித்துண்டும் இருந்தன. அவள் மூடியை எடுத்துக்கொண்டாள். தரை இறங்கிக்கொண்டது. பைக்குக்காரர் பின்சக்கரத்துக்கும் கொஞ்சம் காற்று அடிக்கச் சொன்னார்.

இரண்டு நாளில் நாங்கள் பழகிவிட்டோம். முப்பிடாதி சாமான் கழுவினால் அடுப்படி எழுந்தது, செருப்பு மாட்டினால் வாசல் எழுந்தது, கோழியை விரட்டக் கல் எடுத்தால் கல்லோடு கோழியும் எழுந்து வந்து அவள் முகத்துக்கு நேரே நின்று முழித்தது. கடையில் பைக்கை நிறுத்தி அவள் கையை நீட்டினால் வண்டி முழுசாக அவள் நெஞ்சு உயரத்துக்கு வந்தது, நின்றபடியே டயரைக் கழற்றி நின்றபடியே ஒட்டினாள், ராஜபாளையத்திலிருந்துகூட ஆட்கள் வேண்டுமென்றே ஆணியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். லாரி என்றால் மட்டும் தரை ஏமாற்றிவிடும், எழுந்து டயரில் முட்டி அப்படியே நின்றுவிடும், அதற்கு ஜாக்கிதான் வைக்க வேண்டும். டீக்கடைக்காரருக்கு ஒரு குறை இருந்தது, அவள் டீ குடிக்க வந்து ஏதாவது கீழே போட்டால் பெஞ்சு சாய்ந்து நாலு பேர் டீ கொட்டிப்போகிறது என்றார், அதற்காக அவளுக்குத் தனி பெஞ்சு போட்டார்கள். அடிக்கடி எழுந்த இடங்களில் தரை முழுசாக இறங்காமல் சின்ன மேடாக நின்றுவிட்டது. சாலையில் அப்படி நின்ற ஒரு மேட்டுக்கு ஒப்பந்தக்காரர் ஒருவர் ஆள் வைத்து வெள்ளைக்கோடு அடித்து, தான் போட்ட வேகத்தடை என்று பில் எழுதிக்கொண்டு போனார்.

கோவில் கமிட்டிக்காரர்கள் வந்து, நீ வந்து ஒரு கும்பிடு போடு, அம்மன் எழுந்தருளட்டும் என்றார்கள். அவள் போய்க் குங்குமத்துக்குக் கையை நீட்டினாள், பீடத்தோடு அம்மன் எழுந்து, உபயதாரர் பெயர் எழுதி வெளிச்சம் வராமல் பண்ணிவைத்திருந்த டியூப்லைட்டில் கிரீடம் இடித்து, லைட் உடைந்தது. அதற்குமேல் கமிட்டி அவளைக் கூப்பிடவில்லை.

கூப்பிட்டவர் ஒன்றியச் செயலாளர் செந்தூர்பாண்டி. அவர் கட்சியில் எந்தப் பதவிக்கு வருவதற்கும் முன்னாலேயே பிறர் தன் காலில் விழுவதற்கு வாகாக நிற்கப் பழகிக்கொண்டவர். தலைவர் பிறந்தநாளுக்கு விலக்கில் பந்தல் போட்டுப் பெண்களுக்குக் குடம் கொடுத்தார், குடம் வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராக அவர் காலைத் தொட்டுவிட்டு வாங்கிக்கொண்டார்கள். முப்பிடாதியின் முறை வந்தது. அவள் கையை நீட்டினாள். செந்தூர்பாண்டி நின்ற இடம் அவரோடு எழுந்தது, அவர் கையை விரித்துத் தள்ளாடிக்கொண்டு மேலே போனார், வேட்டிக்குள் போட்டிருந்த கோடுபோட்ட டிரவுசரை விலக்கே பார்த்தது. முப்பிடாதி தன் மூக்குக்கு நேரே வந்து நின்ற காலை டயரில் காற்று பார்ப்பதுபோல ஒரு அமுக்கு அமுக்கி,

“நகம் வெட்டுங்க” என்றாள்.

இறங்கி வந்ததும் அவர் கோபப்படுவார் என்று நினைத்தோம். ஆனால் போட்டோக்காரர் எடுத்த படத்தில் அவர் பந்தலுக்கும் மேலே, தலைவரின் படத்துக்கும் மேலே ஆகாயத்தில் நின்றுகொண்டிருந்தார், அடுத்த வாரமே ‘மண்ணே எழுந்து வணங்கும் மாவீரரே’ என்று ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எந்த விழாவானாலும் அவளுக்கு ஆள் அனுப்பினார். கடையில் வேலை இருக்கிறது என்று அவள் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தாள்.

ஆனி கடைசியில் கும்மி பழகத் தொடங்கினார்கள். முப்பிடாதி புதுச்சேலை கட்டிக்கொண்டு கோவில் மைதானத்துக்குப் போனாள். பேச்சிமுத்துவின் தங்கை குருவம்மாள்தான் இத்தனை வருஷமாக அவள் இடத்தில் நின்று பாட்டு எடுத்துக்கொடுத்தவள், அவளே கைபிடித்து முன்னால் நிறுத்தினாள். முப்பிடாதி முதல் வரியைப் பாடினாள், குரல் அப்படியே இருந்தது, கைதட்டிக் குனிய வேண்டிய இடம் வந்தது, அவள் குனிவதற்கு முன்னாலேயே தரை எழுந்தது. நடுவில் வைத்திருந்த முளைப்பாரிச் சட்டிகள் உருண்டன, வட்டத்தில் ஒரு பக்கத்துப் பெண்கள் மேலேயும் மறுபக்கத்துப் பெண்கள் கீழேயும் நின்றார்கள், இரண்டு பேர் மேட்டிலிருந்து சறுக்கிவந்து பூசாரி மேல் விழுந்தார்கள். இன்னொரு தடவை பார்ப்போம் என்றார்கள். இன்னொரு தடவையும் அதேதான்.

மறுநாள் குருவம்மாள் கடைக்கு வந்து, வந்த விஷயத்தைச் சொல்லாமல் ரொம்ப நேரம் டயரையே தடவிக்கொண்டு நின்றாள்.

“சொல்லுளா” என்றாள் முப்பிடாதி.

“மதினி, முளைப்பாரி சாய்ஞ்சா ஊருக்கு ஆகாதுன்னு சொல்லுதாங்க. நான் சொல்லல. அவங்க சொல்லுதாங்க.”

“என்ன செய்யணுமாம்?”

“பாட்டு மட்டும் நீங்க பாடுங்களாம். உக்காந்துக்கிட்டு.” கொஞ்சம் பொறுத்து, “நல்ல நாற்காலியா போடச் சொல்லுதேன், மதினி. கை வச்ச நாற்காலி” என்றாள்.

முப்பிடாதி அன்றைக்கு யாரையும் வையவில்லை. கடைக்கு வந்தவர்கள் பயந்துபோய் பேச்சிமுத்துவிடம், அக்காவுக்கு உடம்புக்கு என்ன என்று கேட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து, ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சிக்கு எழுதிக் கொடுத்து, படிக்காமலே போட்டுவைத்திருந்த சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு அவள் ராஜபாளையத்துக்குப் போனாள். அங்கே ஒரு ரெடிமேட் கடைக்கு மேலே மாடியில் பிரிஸ்கில்லா என்று மார்த்தாண்டத்துப் பெண் ஒருத்தி, முதுகு, முட்டி, தோள்பட்டை ஆபரேஷன் ஆனவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பேச்சிமுத்துவும் கூடப் போனார். பிரிஸ்கில்லா சீட்டைப் பார்த்தாள், முப்பிடாதியின் முதுகை அமுக்கினாள், தொடையைப் பிடித்துப் பார்த்தாள்.

“எக்கா, ஆபரேஷன் முடிஞ்சு மாசம் எவ்வளவோ ஆச்சு. ஏன் இவ்வளவு நாள் வரல?”

“தேவைப்படல.”

“கடைசியா எப்ப குனிஞ்சீங்க?”

“டாக்டர் குனியக் கூடாதுன்னுட்டாரு.”

“மூணு மாசம்னுதானே இதுல போட்டிருக்கு” என்று பிரிஸ்கில்லா சீட்டைக் காட்டினாள். முப்பிடாதி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். பேச்சிமுத்து ஜன்னலைப் பார்த்தார்.

“சரி, இப்ப குனிங்க பாப்போம்.”

முப்பிடாதி கையை நீட்டினாள், மாடித்தரை எழுந்தது, அதன் மேலிருந்த பாயும் ரப்பர் பந்தும் எழுந்தன, கீழே ரெடிமேட் கடையில் கூரை திடீரென்று உயர்ந்துபோய் மின்விசிறிக் காற்று எட்டவில்லை என்று யாரோ சத்தம் போட்டார்கள். பிரிஸ்கில்லா எழுந்த தரையைச் சுற்றிவந்து பார்த்தாள். பிறகு முப்பிடாதியின் தொடையை மறுபடி பிடித்துப் பார்த்தாள்.

“அதான் இப்படி வத்திப்போயிருக்கு. எல்லா வேலையும் இந்தத் தரையே பாக்குது. எக்கா, நிமிந்து நிக்கதுக்கு மட்டும் ஆபரேஷன் பண்ணல, குனியதுக்கும் சேத்துத்தான் பண்ணியிருக்கு. இப்படியே விட்டா இன்னும் ரெண்டு வருஷத்துல நாற்காலியில இருந்து எந்திக்கவே இன்னொருத்தர் கை வேணும்.”

நாற்காலி என்ற சொல் முப்பிடாதிக்கு வேறு எதையும்விட உறைத்தது.

“எனக்குப் பயமா இருக்கு” என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லைப் பேச்சிமுத்து அதற்குமுன் கேட்டதில்லை. “குனிஞ்சா உள்ள இருக்க ஸ்க்ரூ தெறிச்சிருமோன்னு இருக்கு. கண்ணை மூடினா அந்த டிக்குங்க சத்தம் கேக்குது.”

“ஸ்க்ரூ தெறிக்காது. பயம் இருக்கத்தான் செய்யும். ரெண்டு கையிலயும் குடம் வச்சிருக்கீங்கன்னு வைங்க, பின்னால கதவு திறந்து கெடக்கு. எப்படிச் சாத்துவீங்க?”

முப்பிடாதி யோசித்தாள். பிறகு முட்டியை லேசாக மடக்கி, முதுகை நேராக வைத்தபடி, பின்பக்கத்தைப் பின்னால் தள்ளிக் காட்டினாள்.

“அவ்வளவுதான் குனியது. முதல்ல பின்னால போகணும், கை கடைசியில வரணும். முதுகு வளையக் கூடாது. தரை எந்திச்சா கண்டுக்கிடாதீங்க. அது வழிக்கு அது.”

அன்றிலிருந்து தினமும் காலையில் வீட்டு முற்றத்தில், மாப்புக் குச்சியை முதுகோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இல்லாத கதவை முப்பிடாதி பின்பக்கத்தால் சாத்தினாள். கோழிகள் நின்று பார்த்தன. பக்கத்து வீட்டுக்காரர்கள் மாடியில் துணி காயப்போடும் சாக்கில் நின்று பார்த்தார்கள், அவர்களுக்கும் நாலு வசவு கிடைத்ததில் அக்காவுக்கு உடம்பு தேறிவிட்டது என்று ஊருக்குத் தெரிந்தது. தொடை வலித்தது, கெண்டைக்கால் பிடித்தது, வியர்வை கொட்டியது. தரை முதலில் வழக்கம்போலப் பாய்ந்து எழுந்தது, பிறகு கொஞ்சம் தயங்கி எழுந்தது, பிறகு பாதிவரை எழுந்து, இவள் என்ன செய்கிறாள் என்று பார்ப்பதுபோல நின்றது. அது நின்றாலும் பேச்சிமுத்து நிற்கவில்லை. அவள் தண்ணீர்க்குடத்தின் பக்கம் போனால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார், விளக்குமாற்றின் பக்கம் போனால் அதைப் பிடுங்கினார், “குனியாதளா, குனியாதளா” என்று பின்னாலேயே வந்தார்.

“நீங்க தரைய விட மோசம்” என்றாள் அவள். “அதுகூடப் பாதியில நிக்குது.”

பேச்சிமுத்து பிடுங்கிய விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“ஆஸ்பத்திரியில உன்னைய அந்தச் சக்கரக்கட்டில்ல வச்சு உள்ள தள்ளிட்டுப் போனாங்கல்லா” என்றார். “கதவு சாத்திருச்சு. அன்னைக்குப் பிடிச்ச நடுக்கம். எனக்கு இன்னும் விடல.”

முப்பிடாதி விளக்குமாற்றை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள், ஆனால் கொஞ்சம் மெதுவாக வாங்கினாள்.

திருவிழாவுக்குக் கொடி ஏறின வாரம், ஒரு மத்தியானம், நெல் ஏற்றிவந்த லாரி ஒன்று பின்டயர் வெடித்துக் கடைவாசலில் நின்றது. டிரைவர் சாப்பிடப் போய்விட்டார். வெயிலுக்கு டீக்கடைகளில் படுதாவை இறக்கிவிட்டிருந்தார்கள். பேச்சிமுத்து ஜாக்கி வைத்து லாரியைத் தூக்கி, வெடித்த டயரைக் கழற்றி எடுத்துவிட்டு, உள்ளே உருண்டுபோன நட்டு ஒன்றை எடுக்க அச்சுக்குக் கீழே மல்லாக்க நகர்ந்து போனார். ஜாக்கி கோணிக்கொண்டது. லாரி முனகிக்கொண்டு ஒரு பக்கமாக இறங்கி, அவர் நெஞ்சுக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. அவர் சட்டை எதிலோ மாட்டிக்கொண்டது. ஜாக்கி இன்னும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

முப்பிடாதி கடைக்குள்ளிருந்து வந்தபோது வெளியே தெரிந்தது அவர் கால் இரண்டும்தான். முட்டுக்கொடுக்கிற மரக்கட்டை அவள் காலடியில் கிடந்தது. அவள் எதையும் யோசிக்கவில்லை, கட்டைக்குக் கையை நீட்டினாள், நீட்டிய கை நடுங்கியது, நடுக்கத்தைப் பார்த்ததும் தரை இத்தனை நாள் தயங்கியதையெல்லாம் மறந்துவிட்டுப் பழையபடி பாய்ந்து எழுந்தது. கட்டையோடு எழுந்தது, ஒரு கட்டில் அகலத்துக்கு எழுந்தது, பேச்சிமுத்து கிடந்த இடமும் அந்த அகலத்துக்குள்தான் இருந்தது, அவரையும் அச்சை நோக்கித் தூக்கியது. கீழேயிருந்து அவர் குரல் வந்தது.

“ஏளா, குனியாத. குனியாத.”

அவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். தரை இறங்கியது. அதற்குள் ஜாக்கி இன்னும் சாய்ந்து, ஒரு சாண் இருந்த இடைவெளி நாலு விரலாகியிருந்தது, லாரி மறுபடி முனகியது.

முப்பிடாதி கூவி ஆளைக் கூப்பிட்டிருக்கலாம், ஆனால் ஆள் வரும்வரை ஜாக்கி நிற்காது என்று அவளுக்குத் தெரியும். அவள் தரையைப் பார்த்தாள். “நீ சும்மா கெட, சனியனே” என்று அதனிடம் சொன்னாள். இதுவரை பூமியை யாரும் அப்படித் திட்டியதில்லை என்று பூசாரி பிற்பாடு வருத்தப்பட்டார். சொல்லிவிட்டு முட்டியை மடக்கினாள், கதவைச் சாத்துவதுபோலப் பின்னால் தள்ளினாள், தொடை இரண்டும் பற்றி எரிந்தன, முதுகுக்குள் இருந்த ஸ்க்ரூக்கள் ஒவ்வொன்றாக அவளுக்குத் தெரிந்தன, ஒன்றும் தெறிக்கவில்லை. தரை அவள் காலடியில் ஒருதரம் புரண்டது. அது எழுவதற்குள் அவள் அதன்மேல் முட்டிபோட்டு, கையை ஊன்றி, நெஞ்சை வைத்து, குப்புறப் படுத்துவிட்டாள். அவளே அவ்வளவு தூரம் இறங்கி வந்தபின் தரைக்கு எழுந்து போவதற்கு இடமில்லை. அவள் வயிற்றுக்குக் கீழே சூடாக, கல்லும் மண்ணும் கிரீஸுமாக, எல்லாத் தரையும் கிடப்பதுபோலக் கிடந்தது.

படுத்தபடியே கட்டையை அச்சுக்குக் கீழே தள்ளினாள். போதவில்லை, இன்னும் நகர்ந்து, தோளால் முட்டித் தள்ளினாள். ஜாக்கி பட்டென்று பிடுங்கிக்கொண்டு சாய்ந்தது, லாரி இறங்கியது, கட்டையில் உட்கார்ந்தது, நின்றுவிட்டது. புழுதி அடங்கியபோது லாரிக்கு அடியில் இரண்டு பேரும் மூக்குக்கு மூக்கு கிடந்தார்கள்.

“குனியாதன்னு சொன்னேன்லா” என்றார் பேச்சிமுத்து.

“குனியல. படுத்திருக்கேன்” என்றாள் அவள். பிறகு அவர் சட்டையைக் கிழித்து, அவரை வெளியே இழுத்துப்போட்டு, நடுச்சாலையில் உட்கார்ந்து கொஞ்சநேரம் அழுதாள். சத்தம் கேட்டு நாங்கள் படுதாவை விலக்கிக்கொண்டு ஓடிவந்தோம், அவள் அழுது பார்த்திராததால் என்ன செய்வதென்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் லாரியைப் பிடித்துக்கொண்டு நின்றோம், அது ஏற்கனவே நின்றுகொண்டுதான் இருந்தது.

அதற்குப் பிறகு முப்பிடாதிக்குத் தரை எழவில்லை. சண்டை போட்டுக்கொண்டார்கள் என்று சிலரும், அதற்கு ரோஷம் வந்துவிட்டது என்று சிலரும் சொன்னார்கள். இனி அவளுக்குத் தேவையில்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டது, தெரிந்ததும் பேசாமல் இருந்துகொண்டது, எங்களில் பலருக்கு அந்தப் புத்தி இல்லை என்று பேச்சிமுத்து ஒருநாள் சொன்னார், அந்த வருஷத்தில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான். சாலையில் இருந்த மேட்டை அதே ஒப்பந்தக்காரர் வந்து சமப்படுத்தி, அதற்கும் தனியாக எழுதிக்கொண்டு போனார். டீக்கடையில் அவளுக்குப் போட்ட தனி பெஞ்சில் எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

கும்மியன்றைக்குக் குருவம்மாளே வந்து கூப்பிட்டாள். முன்னால் நிற்க முப்பிடாதி ஒத்துக்கொள்ளவில்லை, இந்த வருஷம் கடைசியில் நிற்கிறேன், மூச்சு வாங்கினால் ஒதுங்கிக்கொள்கிறேன் என்றாள். குருவம்மாள் பாட்டு எடுத்துக்கொடுத்தாள், பின்னாலிருந்து முப்பிடாதி அதற்கு எதிர்ப்பாட்டுப் பாடினாள், அதில் கமிட்டிக்காரர்கள் ஒவ்வொருவரும் வந்தார்கள், ஒன்றியச் செயலாளரின் டிரவுசர் கோடுகூட வந்தது. அவள் மற்ற பெண்களைப்போல வளைந்து குனியவில்லை, பின்னால் தள்ளித் தள்ளித் தன் மாதிரி குனிந்தாள், அது பார்க்க ஒரு தினுசாக இருந்தது, பாதிச் சுற்றுக்குள் சின்னப்பெண்களெல்லாம் அதேமாதிரி குனிய ஆரம்பித்துவிட்டார்கள். நடுவில் இரண்டு தடவை ஒதுங்கி நின்று மூச்சு வாங்கினாள். நாற்காலி காலியாக இருந்தது, அதில் பூசாரி உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் விடிந்ததும் பேச்சிமுத்து பயந்துகொண்டே கேட்டார்.

“வலிக்குதா?”

“வலிக்குது.” அவள் தொடையைத் தடவிப் பார்த்தாள், இடுப்பைத் தடவிப் பார்த்தாள். “குருவம்மாளுக்கும் வலிக்குமான்னு கேட்டுட்டு வாங்க.”

அவர் போய்க் கேட்டுவிட்டு வந்தார். குருவம்மாள் எழுந்திருக்கவே இல்லையாம், தைலம் இருக்கிறதா என்று கேட்டாளாம். முப்பிடாதி அதைக் கேட்டு வந்த சந்தோஷத்தில் ஒரு டம்ளர் காப்பி அதிகமாகக் குடித்துவிட்டுக் கடையைத் திறந்தாள்.

பத்து மணி வாக்கில் செந்தூர்பாண்டியின் புல்லட் கடைமுன் வந்து நின்றது. முன்டயரில் காற்றில்லை. அதற்காக அவர் வரவில்லை. மாவட்டத்திலிருந்து பெரிய தலைவர் ஒருவர் வருகிறார், மேடையில் அவர் நிற்கிற தரை அவரோடு ஆகாயத்துக்கு எழும்பும் என்று வாக்குக் கொடுத்துவிட்டாராம்.

“தரை இப்ப எந்திக்கதில்ல, அண்ணாச்சி” என்றாள் முப்பிடாதி.

“எந்திக்கும். எனக்கு எந்திச்சுதுல்லா. நீ கையை நீட்டு.”

அவள் கையை நீட்டினாள். பின்பக்கத்தைப் பின்னால் தள்ளி, முட்டியை மடக்கி, அவருடைய டயருக்குப் பக்கத்தில் போய்க் குந்தி, ஆணி எங்கே ஏறியிருக்கிறது என்று விரலால் தடவ ஆரம்பித்தாள். செந்தூர்பாண்டி அவள் காலடித் தரையையே பார்த்தார். அது கிடந்தது. எங்கேயாவது ஒரு ஓரத்தில் லேசாகவாவது அசைகிறதா என்று பார்ப்பதற்காக வேட்டியை ஒரு கையால் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, கழுத்தை நீட்டினார், பிறகு தோளைச் சாய்த்தார், பிறகு முதுகை வளைத்தார். டீக்கடையில் இருந்த நாங்கள் எல்லோரும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டோம். அவர் குனிந்து நாங்கள் பார்ப்பது அதுதான் முதல்தடவை.

முப்பிடாதி டயரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“முதுகை வளைக்காதீங்க, அண்ணாச்சி” என்றாள். “முட்டியை மடக்குங்க. பின்னால தள்ளுங்க. இன்னும் கொஞ்சம். ஆங், அப்படித்தான்.”